ஒரு பையன் பள்ளி முடிக்கப் பதினைந்து வருடம்

யமாடா டாரோ 1972-ல் ஜப்பானிய வாசகர்களுக்கு அறிமுகமானபோது நடுநிலைப் பள்ளி மாணவன். தன் பள்ளிக்காலத்தின் கடைசி ஆட்டத்தை அவன் ஆடி முடித்தபோது வருடம் 1987. அந்தக் கதையைப் பத்து வயதில் படிக்கத் தொடங்கிய ஒரு வாசகன், யமாடா பள்ளியை முடிக்கும்போது இருபத்தைந்து வயது ஆள். படித்தவன் வேலைக்குப் போய்விட்டான், நாயகன் இன்னும் பள்ளிச் சீருடையில்தான் நிற்கிறான்.

இந்தக் கதையின் பெயர் டோகாபென். மிசுஷிமா ஷின்ஜி வரைந்தது. ஜப்பானில் பள்ளி பேஸ்பாலை வைத்து வந்த மங்காக்களில், அதாவது சித்திரக்கதைகளில், மிக நீளமானவற்றில் ஒன்று. பள்ளி பேஸ்பால் கதைகளை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஏன் இப்படி ஜவ்வு மாதிரி இழுக்கிறார்கள்?" என்பதுதான். ஒரு பந்து வீசப் பத்துப் பக்கம், ஒரு ஆட்டத்துக்கு இரண்டு மூன்று புத்தகம். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த விளையாட்டு எப்படி நடக்கிறது, அந்தப் போட்டி எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு படித்தால் அது இழுவையாகத் தெரியாது. பேஸ்பால் பற்றி ஒன்றும் தெரியாதவர்களை மனதில் வைத்து அதை விளக்கிப் பார்க்கிறேன்.

முதலில் கோஷியன். இந்த ஒரு சொல் புரிந்தால் பாதிக் கதை புரிந்த மாதிரி. ஹியோகோ மாகாணத்தில் நிஷினோமியா என்ற ஊரில் இருக்கும் மைதானத்தின் பெயர் அது. 1924 ஆகஸ்ட் 1-ம் தேதி திறந்தார்கள். நமக்கு பிரபவ, விபவ என்று அறுபது வருடச் சுழற்சி இருப்பதுபோல சீன, ஜப்பானிய மரபிலும் ஒன்று உண்டு. அந்தச் சுழற்சியின் முதல் வருடமாக 1924 அமைந்ததால், அந்த வருடத்தின் பெயரையே மைதானத்துக்கு வைத்துவிட்டார்கள். ஹான்ஷின் டைகர்ஸ் என்ற தொழில்முறை அணியின் சொந்த மைதானம்தான் அது. ஆனாலும் ஆகஸ்ட் வந்தால் அந்த அணி வெளியூர் கிளம்பிவிடும். மைதானம் பள்ளிப் பையன்களுக்கு.

கோடைக்காலப் போட்டி மைதானத்தைவிடப் பழையது. 1915-ல் வெறும் பத்துப் பள்ளிகளோடு டொயோனாகா என்ற ஊரில் தொடங்கியது. இப்போது நாடு முழுக்க ஏறக்குறைய 3,400 அணிகள் கலந்துகொள்கின்றன. ஜப்பானில் 47 மாகாணங்கள். டோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் மட்டும் இரண்டிரண்டு இடம். ஆக மொத்தம் 49 அணிகள் கோஷியனுக்கு வரும். மாகாணத்துக்கு மாகாணம் கஷ்டம் வேறுபடும். டொட்டோரி மாதிரி சின்ன மாகாணத்தில் இருபத்துச் சொச்சம் பள்ளிகள்தான். டோகாபென் நடக்கும் கானகாவா மாகாணத்திலோ 150-க்கு மேல். அங்கே கோஷியன் வாசலை மிதிக்கவே ஏழெட்டு ஆட்டம் வரிசையாக ஜெயிக்க வேண்டும்.

வரிசையாக என்று சொன்னதைக் கொஞ்சம் கவனியுங்கள். இது முழுக்க முழுக்க நாக்-அவுட். லீக் கிடையாது, புள்ளிக் கணக்கு கிடையாது, ஒரு தோல்விக்குப் பிறகு மீண்டும் உள்ளே வர வழி கிடையாது. மாகாண முதல் சுற்றில் தொடங்கி தேசிய இறுதியாட்டம் வரை, ஒரு தடவை தோற்றால் அந்தக் கோடை முடிந்தது. 3,400 அணிகளில் ஒரே ஒரு அணிதான் தோற்காமல் வீட்டுக்குப் போகும்.

ஜப்பானில் மேல்நிலைப் பள்ளி மூன்று வருடம், நம் கணக்கில் 10, 11, 12-ம் வகுப்புகள். கோடைப் போட்டி தவிர, மார்ச் கடைசியில் கோஷியனிலேயே வசந்தகாலப் போட்டி ஒன்றும் உண்டு. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்து ஆட்டங்களைப் பார்த்து அணிகளைத் தேர்ந்தெடுத்து அழைப்பார்கள். பள்ளியில் சேர்வது ஏப்ரலில். எனவே ஒரு பையனுக்கு முதல் வருடக் கோடை, இரண்டாம் வருட வசந்தம், இரண்டாம் வருடக் கோடை, மூன்றாம் வருட வசந்தம், மூன்றாம் வருடக் கோடை என்று ஐந்தே வாய்ப்புகள். அந்தக் கடைசிக் கோடையில் தோற்ற அன்றைக்கே மூன்றாம் வருடப் பையன்கள் அணியிலிருந்து விலகிவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதோடு பேஸ்பாலும் முடிந்தது.

இந்த ஐந்து வாய்ப்புகள்தான் டோகாபெனின் முதுகெலும்பு. யமாடாவின் மெய்க்குன் பள்ளி ஐந்தில் நான்கை ஜெயிக்கிறது, இரண்டாம் வருடக் கோடையில் மட்டும் தோற்கிறது. 1981 வரை வந்த 48 தொகுப்புகளில் நான்கு வாய்ப்புகள் முடிந்துவிடும். ஐந்தாவதான அந்தக் கடைசிக் கோடையை மிசுஷிமா உடனே வரையவில்லை. 1983-ல் பெரிய கோஷியன் என்ற பொருள் வரும் தலைப்பில் தனித் தொடராக அதைத் தொடங்கினார். தன் மற்ற பேஸ்பால் கதைகளின் நாயகர்களையும் அதே கோடைக்குக் கூட்டிவந்து யமாடாவுக்கு எதிரே நிறுத்தினார். அந்த ஒரு கோடைக்கு மட்டும் 26 தொகுப்புகள்!

கோஷியனில் தோற்ற அணி மைதானத்து மண்ணை அள்ளிக்கொண்டு போவதைக் கதைகளில் பார்க்கலாம், நிஜத்திலும் நடக்கும். உள்வட்டம் முழுக்கக் கறுப்பு மண், புல் கிடையாது. ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் சைரன் ஒலிக்கும். ஜெயித்த பள்ளியின் பாடலை ஒலிபரப்ப, இரண்டு அணியும் நின்று கேட்கும். அப்புறம் தோற்றவர்கள் மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணை வாரி, ஷூ போடும் பையில் நிரப்புவார்கள். மண் என்றால் அவ்வளவு பெரிய விஷயமா என்று தோன்றினால் 1958-ல் நடந்ததைக் கேளுங்கள். அப்போது ஒகினாவா அமெரிக்க ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து ஷூரி என்ற பள்ளி முதல்முறையாகக் கோஷியன் வந்தது. முதல் ஆட்டத்திலேயே தோற்று, எல்லோரையும்போல மண்ணை அள்ளிக்கொண்டு கப்பலேறியது. ஒகினாவா துறைமுகத்தில் அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். சட்டப்படி அது வெளிநாட்டு மண், உள்ளே விட முடியாது. மண் கடலுக்குப் போனது. இதைக் கேள்விப்பட்ட ஒரு விமானப் பணிப்பெண் கோஷியனிலிருந்து கூழாங்கற்களை எடுத்து அந்தப் பள்ளிக்குச் சேர்ப்பித்தார். கல்லுக்குத் தடை இல்லை. அந்தக் கற்களைப் பதித்த நினைவுச்சின்னம் இன்றும் அந்தப் பள்ளியில் இருக்கிறது. ஒகினாவா ஜப்பானிடம் திரும்பி வந்தது 1972-ல். டோகாபென் தொடங்கிய அதே வருடம்.

சரி, இனி ஆட்டத்துக்குள் போவோம். விதிகள் நிறைய இருந்தாலும் கதை படிக்கக் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

சதுரத்தின் நான்கு மூலையில் நான்கு பேஸ். ஒரு மூலை ஹோம், அங்கேதான் பேட் பிடிப்பவர் நிற்பார். அங்கிருந்து கிளம்பி முதல், இரண்டாம், மூன்றாம் பேஸைத் தொட்டு மறுபடி ஹோமுக்கு வந்தால் ஒரு ரன். நடுவில் மேடு மாதிரி இருக்கும் இடத்திலிருந்து, 18.44 மீட்டர் தூரத்தில், பிட்ச்சர் பந்து வீசுவார். பேட் பிடிப்பவரின் மார்புக்கும் முழங்காலுக்கும் நடுவே, ஹோம் பலகையின் அகலத்துக்குள் பந்து வந்தால் அது ஸ்ட்ரைக். சுழற்றித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக்தான். வெளியே போகிற பந்தை விட்டுவிட்டால் அதன் பெயர் பால். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். நான்கு பால் ஆனால் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். மூன்று பேர் அவுட் ஆனதும் அணிகள் இடம் மாறும். இப்படி ஒன்பது சுற்று. பழைய மங்காக்களில் ஸ்ட்ரைக் எண்ணிக்கையை முதலில் சொல்வார்கள், இப்போது பால் எண்ணிக்கை முதலில் வருகிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளாவிட்டால் ஸ்கோர்போர்டு படங்களில் குழம்பிவிடும்.

முதுகில் இருக்கும் எண்ணையும் கவனியுங்கள். பள்ளி பேஸ்பாலில் எண் என்பது இடம். 1 என்றால் பிட்ச்சர், 2 கேட்ச்சர், 3 முதல் பேஸ், இப்படியே 9 வரை. எனவே "எனக்கு 1 வேண்டும்" என்று ஒரு பாத்திரம் சொன்னால், பள்ளியிலேயே சிறந்த பிட்ச்சர் நான்தான் என்று பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று பொருள். கோடைக் கோஷியனில் ஓர் அணிக்கு எண் கிடைப்பது 20 பேருக்கு மட்டும், 2022 வரை 18 பேருக்குத்தான். பெரிய பள்ளிகளில் அணியில் நூறு பேர்கூட இருப்பார்கள். எண் கிடைக்காத மூன்றாம் வருடப் பையன்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவார்கள். எந்தக் கதையைப் படித்தாலும் எண் கொடுக்கும் நாளை வரைந்த பக்கங்களை நான் மெதுவாகத்தான் புரட்டுவேன். பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக முன்னே போய்த் துணியில் அச்சடித்த எண்ணை வாங்குவார்கள். 18 வாசித்தாகிவிட்டது, 19 வாசித்தாகிவிட்டது. வரிசையில் நிற்கும் ஒருவனின் ஷூவை மட்டும் ஒரு கட்டத்தில் வரைந்திருப்பார்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் பின்னால் நிற்பதுபோல பேஸ்பாலில் கேட்ச்சர் உட்கார்ந்திருப்பார். ஆனால் வேலை வேறு. அடுத்து என்ன பந்து வீச வேண்டும் என்று சொல்வது பெரும்பாலும் அவர்தான். முழங்கால்களுக்கு நடுவே விரல்களை நீட்டிக் காட்டுவார், எதிரணிக்குத் தெரியக்கூடாது. ஒரு விரல் என்றால் நேர்வேகம், இரண்டு என்றால் வளைவு என்பதுபோல அணிக்கொரு ரகசியம். பிட்ச்சர் தலையை ஆட்டி ஒத்துக்கொள்வார், அல்லது வேண்டாம் என்று அசைப்பார். இந்த இருவருக்கும் சேர்த்து பேட்டரி என்று பெயர்.

ஆக, ஒரு பந்து வீசுவதற்கு முன்னால் மௌனமாக ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. போன பந்து வெளியே போட்டோம், அவன் கால் லேசாக நகர்ந்தது, அப்படியென்றால் வெளிப்பந்தை எதிர்பார்க்கிறான், உள்ளே போடுவோமா? உள்ளே போட்டுத் தவறினால்? முதல் பேஸில் நிற்பவன் ஓடப்போகிறானா? பேட் பிடித்திருப்பவனும் இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருப்பான். மைதானத்தில் நேரில் உட்கார்ந்து பார்த்தால் இது எதுவும் தெரியாது. இருபது நொடி யாரும் எதுவும் செய்யாமல் நிற்பது மாதிரி இருக்கும். தொலைக்காட்சியில் வர்ணனையாளர் ஊகித்துச் சொல்வார். சித்திரக்கதையால் மட்டுமே அந்த இருபது நொடிக்குள் இறங்கி, கேட்ச்சரின் தலைக்குள், பிட்ச்சரின் தலைக்குள், மூன்றாம் பேஸில் வியர்வை துடைக்கிறவனின் தலைக்குள், மேலே வரிசையில் கைகோர்த்து உட்கார்ந்திருக்கும் அம்மாவின் தலைக்குள் மாறி மாறிப் போய் வர முடிகிறது. ஒரு பந்துக்குப் பத்துப் பக்கம் ஆவது இதனால்தான். தோற்றால் அடுத்த ஆட்டம் இல்லை என்கிற நாக்-அவுட் கெடு இதற்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அப்படியிருக்க, அந்த இருபது நொடியை ஒரு கட்டத்தில் முடித்துவிட்டுப் போனால்தான் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கூட்டம் நடிகர் மாதிரிப் பார்க்கும் பிட்ச்சரை விட்டுவிட்டு, ஒரு கேட்ச்சரை நாயகனாக்கியது மிசுஷிமாவின் பெரிய துணிச்சல் என்று நினைக்கிறேன். யமாடா குள்ளம், குண்டு, மெதுவாகத்தான் ஓடுவான். டோகாபென் என்பதே அவன் பட்டப்பெயர். உடலுழைப்புத் தொழிலாளிகள் கொண்டுபோகிற மாதிரிப் பெரிய சோற்றுப் பெட்டி என்று பொருள், அவன் கொண்டுவரும் மதிய உணவை வைத்து வந்த பெயர். அப்பா அம்மா விபத்தில் இறந்துபோக, டாடாமி பாய் செய்யும் தாத்தாவோடும் தங்கை சச்சிகோவோடும் ஒட்டுவீட்டில் வாழ்கிறான். கோபப்படவே மாட்டான். ஆனால் பேட் பிடித்தால் யாராலும் நிறுத்த முடியாது.

கதை எடுத்த எடுப்பில் பேஸ்பாலில் தொடங்காது. முதல் சில தொகுப்புகளில் யமாடா ஜூடோ ஆடுகிறான். தெரியாமல் எடுத்துப் படிப்பவர்கள் தப்பான புத்தகத்தை எடுத்துவிட்டோமோ என்று திகைப்பார்கள். பொறுமையாக இருங்கள். இவாகி அங்கேயே வந்துவிடுவான். வாயில் எப்போதும் ஒரு இலைக்கொத்து, முரட்டு உடம்பு, நல்ல பந்தை அடிக்கத் தெரியாது, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் வருகிற கெட்ட பந்தை மட்டும் விளாசுவான். அப்புறம் சாட்டோனாகா, உருவத்தில் சிறியவன், கை தரையை உரசுகிற மாதிரிக் கீழிருந்து வீசும் பிட்ச்சர். டோனோமா பியானோ வாசிப்பவன், இரண்டாம் பேஸில் நிற்பவன். இந்த நால்வரும்தான் மெய்க்குன்.

இவாகி பந்தை அடிக்கும்போது மிசுஷிமா எழுதும் ஓசை ஒன்று உண்டு. மற்ற கதைகளில் பேட் சத்தம் "காக்கீன்" என்று வரும். இவாகிக்கு மட்டும் "குவாராகோவாகாகீன்". பக்கத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை எழுத்தே வெடித்துக்கொண்டு போகும். காக்கீன் என்பது உலோக பேட்டின் ஓசை. ஜப்பானியப் பள்ளி பேஸ்பாலில் மர பேட்டோடு உலோக பேட்டையும் அனுமதித்தது 1974-ல், டோகாபென் வந்துகொண்டிருந்த காலத்தில். 2024-ல் பந்து அவ்வளவாகத் தெறிக்காத புது பேட்டைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

இந்தக் கதைகளில் எனக்கு மனம் ஒப்பாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சாட்டோனாகா வலியோடு வீசிக்கொண்டே இருப்பான். தோளோ முழங்கையோ எரிய எரிய வீசுவதை வீரமாகக் காட்டும் வழக்கம் இந்த வகைக் கதைகள் எல்லாவற்றிலும் உண்டு. நிஜத்திலிருந்து வந்த வழக்கம்தான் அது. 1998 கோடையில் யோகோஹாமா பள்ளியின் மட்சுசாகா டைசுகே ஒரே ஆட்டத்தில், 17 சுற்று, 250 பந்து வீசினார். 2018-ல் கானாஆஷி வேளாண் பள்ளியின் யோஷிடா கோசே ஆறு ஆட்டங்களில் 881 பந்து. பதினேழு, பதினெட்டு வயதுக் கை அது. ஒரு வாரத்தில் 500 பந்துக்கு மேல் ஒருவர் வீசக்கூடாது என்ற வரம்பு 2020-ல்தான் வந்தது. கூடுதல் சுற்றுகள் ரொம்ப நீளாதபடி, பேஸ்களில் ஓட்டக்காரர்களை நிறுத்திவிட்டே சுற்றைத் தொடங்கும் டை-பிரேக் முறையும் 2018 முதல் இருக்கிறது. பழைய தொகுப்புகளைப் படிக்கும்போது இந்த வரம்புகள் அப்போது இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அழகாக வரைந்திருக்கிறார்கள் என்பதற்காக அந்த வலியை நான் ரசிக்கத் தயாராக இல்லை.

மிசுஷிமாவைப் பற்றி. 1939-ல் நீகாட்டாவில் பிறந்தவர், மீன் வியாபாரிக் குடும்பம். வீட்டு நிலைமை சரியில்லாததால் நடுநிலைப் பள்ளியோடு படிப்பு நின்றது, மீன் மொத்த வியாபாரக் கடையில் வேலைக்குப் போனார். அவர் சேர ஆசைப்பட்டு முடியாமல் போன மேல்நிலைப் பள்ளியின் பெயர் நீகாட்டா மெய்க்குன். யமாடாவும் இவாகியும் படிக்கும் பள்ளிக்கு அவர் வைத்த பெயர் மெய்க்குன். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு அந்தப் பதினைந்து வருடத்தின் அர்த்தம் வேறுமாதிரிப் பட்டது. தான் நுழையாத பள்ளியின் மூன்று வருடத்தை அவர் அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட விரும்பியிருக்க மாட்டார். அதே பெயருள்ள நிஜப் பள்ளி 1991 கோடையில் முதன்முறையாகக் கோஷியனுக்குப் போனது.

பள்ளி முடிந்தும் கதை முடியவில்லை. 1995-ல் யமாடாவையும் நண்பர்களையும் நிஜமான தொழில்முறை அணிகளில் சேர்த்து வரையத் தொடங்கினார். யமாடா செய்பு லயன்ஸ், சாட்டோனாகா சிபா லாட்டே. அதற்கு 52 தொகுப்புகள், அதன்பின் 45, கடைசியாக 34. எல்லாம் சேர்த்து 205. 2018 ஜூனில் நிறைவு. மிசுஷிமா 2022 ஜனவரியில் காலமானார். புதிதாகப் படிப்பவர்களுக்கு என் ஆலோசனை, முதல் 48-ம் அடுத்த 26-ம் போதும். தொழில்முறைப் பகுதியில் அந்த நாக்-அவுட் பதற்றம் இல்லை. ஒரு ஆட்டம் தோற்றால் மறுநாள் இன்னொன்று இருக்கும்.

இதே வகையில் வேறு கதைகளும் நிறைய. அடாச்சி மிட்சுருவின் டச் 1981 முதல் 1986 வரை வந்தது, 26 தொகுப்புகள், கோஷியனுக்குப் போக ஆசைப்படும் கதையாக இருந்தும் கோஷியன் ஆட்டங்களை விரித்துக் காட்டாமலே முடிகிறது. ஹிகுச்சி ஆசா 2003-ல் தொடங்கிய ஓகிகு ஃபுரிகாபுத்தே, பேட்டரி இருவரின் மனதை மட்டுமே எடுத்து உழுகிறது. எப்போதும் அழுகிற ஒரு பிட்ச்சர், அதட்டுகிற ஒரு கேட்ச்சர். இருபது வருடம் தாண்டியும் அவர்கள் இன்னும் பள்ளியில்தான் இருக்கிறார்கள். டெராஜிமா யூஜியின் டயமண்ட் நோ ஏஸ் 2006-ல் தொடங்கி 2022-ல் முடிந்தது. எண் 1-க்காக ஏங்கும் கதை வேண்டுமென்றால் அது.

மிகைப்படுத்தல் அதிகம் என்று இந்தக் கதைகளைப் பற்றிச் சொல்வார்கள். ஒரு பக்கம் உண்மைதான், இலை மென்றுகொண்டு யாரும் பேட் பிடிப்பதில்லை. ஆனால் டோகாபெனில் யமாடாவைக் கண்டு பயந்த ஒரு எதிரணி, அவன் பேட் பிடித்த ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே நான்கு பாலை வெளியே போட்டு அவனை நடக்கவிடும். படித்தவர்கள் கதையில்தான் இப்படி நடக்கும் என்று நினைத்தார்கள். 1992 ஆகஸ்ட் 16 அன்று கோஷியனில் செய்ர்யோ பள்ளியின் மட்சுய் ஹிடெக்கிக்கு அதுவே நடந்தது. ஐந்து தடவை வந்தார், இருபது பந்து, இருபதும் பால். ஒரு தடவைகூட பேட்டைச் சுழற்ற வாய்ப்பு கிடைக்கவில்லை. அவர் பள்ளி 3-2 என்று தோற்றது. பார்வையாளர் வரிசையிலிருந்து பொருள்கள் பறந்து வந்து மைதானத்தில் விழுந்தன. அதே மட்சுய் பின்னாளில் நியூயார்க் யாங்கீஸுக்கு ஆடி, 2009 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

இன்னொன்று இருக்கிறது. அதற்கு ஒரு விதி தெரிய வேண்டும்.

அடித்த பந்தைத் தரையில் விழாமல் பிடித்துவிட்டால் அடித்தவர் அவுட். அப்போது பேஸ்களில் நிற்கும் ஓட்டக்காரர்கள், பந்து பிடிபட்ட பிறகு தங்கள் பேஸில் கால் வைத்துவிட்டுத்தான் ஓட வேண்டும். முன்பே கிளம்பியிருந்தால் திரும்பி வந்து தொட வேண்டும். தொடுவதற்குள் எதிரணி பந்தை அந்த பேஸுக்குக் கொண்டுவந்தால் ஓட்டக்காரரும் அவுட். இங்கே ஒரு நுணுக்கம். ஓட்டக்காரர் முன்பே கிளம்பியது நடுவருக்குத் தெரிந்தாலும் அவராக எதுவும் சொல்ல மாட்டார். எதிரணி கேட்க வேண்டும். கிரிக்கெட்டில் "ஹவ்ஸ் தட்" என்று கேட்காமல் நடுவர் விரலைத் தூக்க மாட்டார் இல்லையா, அதேதான்.

டோகாபெனின் 35-வது தொகுப்பு. மெய்க்குனும் ஹாகுஷினும் மோதும் மாகாணப் போட்டி, பத்தாவது சுற்று, 0-0. ஒருவர் அவுட், மூன்று பேஸிலும் ஆள். மூன்றாம் பேஸில் இவாகி, முதல் பேஸில் யமாடா. பந்தை லேசாகத் தட்டிவிட்டு மூன்றாம் பேஸ்காரரை ஓடவைக்கும் தந்திரம். ஆனால் பந்து மேலே எழும்பிவிட, பிட்ச்சர் ஷிரானுயி பாய்ந்து பிடிக்கிறான், இரண்டாவது அவுட். யமாடா பேஸைவிட்டுக் கிளம்பியிருக்கிறான், ஷிரானுயி பந்தை முதல் பேஸுக்கு எறிகிறான், மூன்றாவது அவுட். ஹாகுஷின் பையன்கள் மகிழ்ச்சியாக ஓடி உள்ளே போகிறார்கள். ஆனால் அந்த மூன்றாவது அவுட்டுக்கு முன்பே இவாகி ஹோமை மிதித்துவிட்டான். அவனும் முன்பே கிளம்பியவன்தான், திரும்பி வந்து தொடவே இல்லை. எதிரணி மூன்றாம் பேஸுக்கும் பந்தைக் கொண்டுபோய், "இவன் முன்பே கிளம்பினான், அந்த அவுட்டை இந்த அவுட்டாக மாற்றிக்கொள்கிறோம்" என்று கேட்டிருந்தால் ரன் செல்லாது. நான்காவது அவுட் என்பார்கள் இதை. கேட்காமல் ஆட்டக்காரர்கள் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டால் கேட்கும் உரிமையும் போய்விடும். ஸ்கோர்போர்டில் மெய்க்குனுக்கு 1 ஏறுகிறது. ஷிரானுயிக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை.

2012 ஆகஸ்ட் 13, கோஷியன். குமாமோட்டோவின் சேய்சேய்கோ பள்ளிக்கும் டோகுஷிமாவின் நாருட்டோ பள்ளிக்கும் ஆட்டம். (நாருட்டோ என்பது ஊர்ப்பெயர், நிஞ்ஜா கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஏழாவது சுற்று, சேய்சேய்கோ 2-1 என்று முன்னிலை, ஒருவர் அவுட், முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆள். அடித்த பந்து நேராகப் பறக்க, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் தாவிப் பிடித்து முதல் பேஸுக்கு எறிகிறார். ஒரே அடியில் இரண்டு அவுட், சுற்று முடிந்தது. நாருட்டோ ஆட்டக்காரர்கள் உள்ளே ஓடுகிறார்கள். ஆனால் மூன்றாம் பேஸில் இருந்த பையன் நிற்கவில்லை. பந்து முதல் பேஸைச் சேர்வதற்குள் ஹோமைக் கடந்துவிட்டான். நாருட்டோ கேட்கவில்லை. நடுவர் ரன் உண்டு என்று காட்டினார்.

மைதானத்தில் பாதிப் பேருக்குக் குழப்பம். அந்த விதி எப்படித் தெரியும் என்று ஆட்டம் முடிந்ததும் பத்திரிகையாளர்கள் அந்தப் பையனைக் கேட்டார்கள். தொடக்கப் பள்ளியில் படிக்கும்போது டோகாபெனில் படித்தது என்றான். அந்தத் தொகுப்பு வந்தபோது அவன் பிறந்திருக்கவே இல்லை. ஆட்டம் 3-1 என்று முடிந்திருந்தது.